மாதரி தந்த சிற்றில்

சிலப்பதிகாரத்தைப் பற்றி மேடையில் பேசுவோர் பெரும்பாலும் மூன்று இடங்களில் நின்றுவிடுவர். கானல் வரியில் சிறிது இளைப்பாறி, வழக்குரை காதையில் குரலை உயர்த்தி, கண்ணகிக்குக் கல் எடுத்த செய்தியோடு அமர்ந்துவிடுவர். நம் தில்லித் தமிழ்ச் சங்கத்து அரங்கிலும் இந்த மூன்று இடங்களைப் பற்றிப் பலமுறை கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். ஆயினும் மதுரைக் காண்டத்தின் நடுவே, வழக்குக்கும் சிலம்புக்கும் முன்னதாக, இளங்கோவடிகள் ஒரு காதைக்கு 'அடைக்கலம்' என்று பெயர் சூட்டியிருக்கிறார். அதனைப் பற்றி ஒரு முழுப் பேச்சை நாம் இதுவரை கேட்டதில்லை. இளங்கலைப் பட்டத்தோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, கோப்புகளுக்கிடையே இருபது ஆண்டுகளைக் கழித்துவிட்ட நமக்கு அதனைப் பற்றி எழுதும் தகுதி உண்டா என்பது வேறு கேள்வி. 2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் நாளுக்குப் பின்னர் அந்தக் காதையை முன்போல் படிக்க நம்மால் இயலவில்லை. எழுதத் துணிந்தமைக்கு அதுவே காரணம்.

அன்று ஜங்புராவை அடுத்துப் பாராபுல்லா வாய்க்கால் கரையில் இருந்த மதராசி கேம்ப் இடிக்கப்பட்டது. அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தமிழர் வாழ்ந்த இடம் அது. சுமார் 370 குடிசைகள். வாய்க்காலை அடைத்துக்கொண்டு நின்றதால் மழைக்காலத்தில் வெள்ளம் தேங்குகிறது என்பது காரணம். தில்லி உயர் நீதிமன்றத்தின் ஆணை என்பது அதிகாரம். அந்தச் செய்தியை நாளிதழில் படித்த தமிழர்களில் நாமும் ஒருவர் என்று எழுதிவிட்டு மேலே செல்ல முடிந்தால் நன்றாயிருக்கும். அது முடியாமற்போனதைப் பின்னர்க் கூறுவோம். முதலில் காப்பியம்.

மதுரையின் மதிற்புறத்தே, அறவோர் தங்கும் புறஞ்சேரியில் கவுந்தியடிகளோடும் கண்ணகியோடும் தங்கியிருக்கிறான் கோவலன். கண்ணகியை அடிகளிடம் விட்டுவிட்டு, நகருள் வாழும் வணிகர்க்குத் தன் நிலையை உணர்த்தி வருவதாகச் சொல்லிப் புறப்படுகிறான். இதனைச் சற்று ஊன்றி நோக்குதல் வேண்டும். அவன் போவது ஊர் பார்க்கவன்று, உதவி கேட்க. ஆனால் ஊர்காண் காதை முழுவதையும் படித்துப் பாருங்கள். அகழியும் வாயிலும் வருகின்றன. கணிகையர் வீதி வருகிறது. மணிகளின் குற்றமும் குணமும் வருகின்றன. பொற்கடைத் தெரு, அறுவைக் கடைத் தெரு, கூலக் கடைத் தெரு எல்லாம் வருகின்றன. தன் நிலையைக் கோவலன் யாரிடமேனும் சொன்னான் என்று ஓர் அடி இல்லை. பேரூரைக் கண்டு மகிழ்ந்து திரும்பினான் என்றே காதை முடிகிறது.

இதனைக் காப்பிய மரபின்படி அமைந்த நகர வருணனை என்று கூறி ஒதுக்குவோர் உண்டு. நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. தன் ஊரில் பெருங்குடி மகனாக வாழ்ந்தவன், பிற ஊரில் தன் இனத்தார் கடைக்கு முன் நின்று, 'தங்க இடமில்லை' என்று சொல்ல நா எழாமல், விலைமதிப்புள்ள கற்களைப் பார்ப்பவன்போல் பார்த்துக்கொண்டே நடந்து, மாலையில் வெறுங்கையோடு திரும்புகிறான். கேட்கவே முடியாத அந்த நாணத்தை இளங்கோ சொல்லவில்லை. சொல்லாமல் விட்டு, அந்த இடத்தில் ஒரு நகரத்தை நிரப்பி வைத்தார். தில்லிக்கு முதன்முதல் வந்து, புது தில்லி நிலையத்திலோ நிஜாமுதீனிலோ இறங்கி, கையில் ஒரு முகவரிச் சீட்டோடு கரோல் பாக் வீதிகளில் அலைந்தவர்கள் இந்த மலரின் வாசகர்களில் பலர் இருப்பர். கதவைத் தட்டுவதற்கு முன் எத்தனை முறை அந்தத் தெருவின் இரு முனைகளுக்கும் நடந்தோம் என்பது நமக்கல்லவா தெரியும்!

கோவலன் திரும்பியபின் மாடல மறையோன் வருகிறான். குமரியாடித் திரும்பும் வழி. அவன் வாயிலாகக் கோவலனின் பழைய அறச்செயல்கள் எல்லாம் நமக்குத் தெரிய வருகின்றன. மதயானையின் கையிற்பட்ட முதிய அந்தணனை மீட்டது, கீரியைக் கொன்ற பாவத்துக்கு ஆளான மனைவியையும் அவளைப் பிரிந்த கணவனையும் சேர்த்து வைத்தது, பூதத்தின் கையில் அகப்பட்டவனுக்காகத் தன் உயிரைத் தர முன்வந்தது ஆகிய மூன்றும் சொல்லப்படுகின்றன. கொடுத்தவன் இன்று கேட்கும் நிலையில் நிற்கிறான் என்பதைக் காட்டவே இவ்வளவும். ஆயினும் அடுத்து நடப்பதில்தான் இளங்கோவின் பெருமை இருக்கிறது. ஆயர் முதுமகள் மாதரி இயக்கிக்குப் பால்மடை கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில் கவுந்தியடிகளை வணங்குகிறாள். அவளிடம் கண்ணகியை ஒப்படைக்கும்போது, கோவலன் செய்த அறங்களில் ஒன்றையேனும் கவுந்தி எடுத்துச் சொல்லவில்லை. கண்ணகி வழியெல்லாம் வெயிலில் வாடியதையும், தன் துயரை எண்ணாது கணவனுக்காக நடுங்கியதையும் சொல்கிறார். தேவைதான் சான்று, தகுதிப் பட்டியல் அன்று.

கவுந்தி மற்றொன்றும் சொல்கிறார். இவள் கணவனுடைய தந்தையின் பெயரைக் கேட்டால், இவ்வூர்ப் பெருஞ்செல்வர்கள் கிடைத்தற்கரிய பொருளைப் பெற்றவர்போல் விருந்தெதிர்கொண்டு தம் காவல் மிக்க மனையில் வைத்துக்கொள்வர். அவ்வாறு அவர்தம் மனைபுகும் அளவும் உன்னிடம் அடைக்கலம் தந்தேன் என்கிறார். ஆக மாதரியின் வீடு இடைக்கால ஏற்பாடு. அலுவலக மொழியில் சொன்னால் 'தற்காலிகம்'. நிலையான இடம் பெரிய வீடுகளில் காத்திருக்கிறது; தந்தையின் பெயரைச் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. காப்பியம் முழுதும் தேடினாலும் அந்தப் பெரிய வீட்டின் கதவு திறப்பதை நாம் காணோம். அந்த வணிகர்களில் ஒருவர் பெயர்கூட நமக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் இடைக்குலத்து முதியவள் ஒருத்தியின் பெயர்.

அவள் கொடுத்தது என்ன என்று கொலைக்களக் காதையின் தொடக்கத்தில் இளங்கோ நிதானமாக எழுதுகிறார். கோவலர் நெருங்கி வாழும் இருக்கையில் ஒரு மூலையை ஒதுக்கித் தரவில்லை. செம்மண் பூசிய, பந்தலிட்ட, காவலுடைய தனிச் சிற்றில் ஒன்றைத் தருகிறாள். தன் மகள் ஐயையைத் துணைக்கு விடுகிறாள். சாவக நோன்பினர் பகலிலேயே உண்பர் என்பதறிந்து, சமைப்பதற்குப் புதுக்கலங்களும், காயும் கனியும், அரிசியும், பாலும் நெய்யும் கொண்டு வந்து வைக்கிறாள். அதன் பின் கண்ணகி வளைந்த அரிவாளில் காய் அரிகிறாள், விரல் சிவக்கிறது, அடுப்புப் புகையில் முகம் வேர்க்கிறது.

காய்கறிகளின் வரிசை காப்பியத்தின் ஓட்டத்தைத் தடுக்கிறது என்று ஒரு பேராசிரியர் நம்மிடம் ஒருமுறை கூறியதுண்டு. மதிப்பிற்குரியவர், அன்று மறுத்துரைக்கவில்லை. இன்று மறுக்கிறோம். அடைக்கலம் என்பது படுக்க ஓர் இடம் மட்டுமன்று, தன் அடுப்பில் தன் கணவனுக்குச் சமைக்கும் உரிமையும் அதில் அடங்கும் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் எழுதியதில்லை. புகாரில் மாளிகையில் வாழ்ந்த நாளில் கண்ணகி சமைத்ததாக ஓர் அடி இல்லை. வீடிழந்து, பிறர் தந்த சிற்றிலில்தான் அவள் இல்லாள் ஆகிறாள். அந்த ஓர் இரவும் மறுநாட் பொழுதின் ஒரு பகுதியும்தான் அவர்கள் அங்கு இருந்தது. அதற்குள் சிலம்பு விற்கப் புறப்பட்டுவிட்டான்.

மாதரியின் கதை அதோடு முடியவில்லை. வஞ்சிக் காண்டத்து நீர்ப்படைக் காதையில் மாடலன் செங்குட்டுவனிடம் சொல்லும் செய்திகளுக்கிடையே, தன்பால் ஒப்படைக்கப்பட்டவளைக் காக்கத் தவறினேன் என்று கலங்கி அந்த முதியவள் எரிபுகுந்தாள் என்பதும் ஒன்று. கவுந்தியடிகள் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்தார். தீர்ப்புப் பிழைத்த மன்னன் மாண்டதை வியந்து வியந்து பேசுகிறோம். கொலையிலோ தீர்ப்பிலோ அணுவளவும் பங்கில்லாத ஒருத்தி, 'என் பொறுப்பில் இருந்தாள்' என்ற ஒன்றுக்காக உயிர் கொடுத்ததை ஏன் யாரும் பேசுவதில்லை? அவள் முடிவு நமக்கு உடன்பாடன்று. எரிபுகுதலைப் போற்ற இந்த எழுத்து எழவில்லை. பொறுப்பை அவள் எவ்வளவு பெரிதாக எண்ணினாள் என்பதையே சொல்ல வந்தோம்.

அடைக்கலம் கேட்டுப் பெறாதவர் வரலாறும் நம் இலக்கியத்தில் உண்டு. பாரி மாண்டபின், முந்நூறு ஊர்களும் பறம்பு மலையும் கைவிட்டுப்போன நிலையில், அவன் மகளிர் இருவரையும் கபிலர் அழைத்துக்கொண்டு புறப்படுகிறார். விச்சிக்கோனிடம் செல்கிறார், பின்னர் இருங்கோவேளிடம். புறநானூற்றில் 200, 201, 202 ஆகிய மூன்று பாடல்களையும் ஒருசேரப் படித்தால் ஒரு மனு மறுக்கப்படும் வரலாறு முழுதும் கிடைக்கும். முதற்பாட்டிலும் இரண்டாம் பாட்டிலும் கபிலர் செய்வது சான்றளித்தல். இவர்கள் யார், இவர்தம் தந்தை முல்லைக்குத் தேர் ஈந்தவன், நான் அந்தணன், புலவன், இவர்களுக்குத் தந்தை முறையினன், நானே இவர்களைத் தருகிறேன், நீயோ இன்ன குடியிற் பிறந்தவன். இவ்வளவும் சொல்லப்படுகின்றன. சங்க காலத்துப் பரிந்துரைக் கடிதம் இதுவேயாம். மறுக்கப்பட்டபின் 202ஆம் பாட்டில் குரல் மாறுகிறது. கழாத்தலையாரை இகழ்ந்ததால் அரையம் அழிந்த பழங்கதையை இருங்கோவேளுக்கு நினைவூட்டுகிறார். வெளியே பணிவு, உள்ளே நெருப்பு. இறுதியில் அந்த மகளிரைப் பார்ப்பாரிடத்துப் படுத்து, கபிலர் வடக்கிருந்தார் என்று மரபு கூறும்.

கபிலரைவிடப் பெரிய பெயர் அந்நாளில் யாருக்கு இருந்திருக்கும்? பாரியைவிடப் பெரிய தந்தைப் பெயர்தான் எது? கவுந்தியடிகள் நம்பிய அந்தத் 'தந்தையின் பெயர்' கபிலர் கையில் இருந்தது, பயன்படவில்லை. இரண்டு நூல்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது நாம் இந்த முடிவுக்கே வருகிறோம்: பெயரைக் கேட்டவர்கள் கதவைச் சாத்தினர், பெயரைக் கேளாதவள் திறந்தாள்.

இளங்கோ ஒருத்தியின் நெஞ்சை நம்பினார். சாத்தனார் அவ்வாறு நம்பவில்லை என்றே தோன்றுகிறது. மணிமேகலையில் ஆபுத்திரன் ஊரைவிட்டு விலக்கப்பட்டு மதுரைக்கு வந்து, பொது அம்பலத்தில் தங்கி, பிச்சை எடுத்ததைக் கண்ணற்றோர்க்கும் செவியற்றோர்க்கும் காலற்றோர்க்கும் பேணுநர் இல்லாதோர்க்கும் கொடுத்து, எஞ்சியதைத் தான் உண்டு, அந்த ஓட்டையே தலைக்கு வைத்துத் துயில்கிறான். பின்னரே அமுதசுரபி வருகிறது. புகாரில் உலக அறவி என்னும் அம்பலம் வீடற்றோர் தங்கும் பொதுவிடமாகப் பேசப்படுகிறது. மணிமேகலை சோழ மன்னனிடம் கேட்கும் வரமோ, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கு என்பது. தனி மனிதர் மனம் இளகும் வரை காத்திராமல், அரசு கட்டிய சுவர்களுக்குள் அறத்தைக் குடியேற்ற வேண்டும் என்பது சாத்தனார் கருத்து. கவிதை என்ற அளவில் மணிமேகலை சிலம்புக்கு ஒருபடி கீழே என்பதில் நமக்கு ஐயமில்லை. சமயக் கணக்கர் பகுதியை முழுதும் படித்து முடித்தோம் என்று சொல்பவரிடம் நாம் சற்று எச்சரிக்கையாகவே இருப்போம். ஆனால் தில்லியின் ஜனவரிக் குளிரில் எந்த நூல் உயிர் காக்கும் என்று கேட்டால், சாத்தனார் பக்கமே நிற்போம்.

அது வெறும் உவமையன்று. 2009 டிசம்பரில் பூசா சாலை வட்டத்தருகே இருந்த தற்காலிக இரவுக் காப்பகம் ஒன்று அகற்றப்பட்டது. குளிரில் மக்கள் வெட்டவெளியில் நின்றனர். 2010 ஜனவரியில் தில்லி உயர் நீதிமன்றம் தானாகவே அதனை வழக்காக எடுத்துக்கொண்டது. உச்ச நீதிமன்றமும் தலையிட்டது. நகரில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு காப்பகம், அதுவும் இரவில் மட்டுமன்றி நாள் முழுதும் திறந்திருக்க வேண்டும் என்ற அளவுகோல் உறுதிப்பட்டது. அதே 2010இல் தில்லி நகர்ப்புறக் காப்பக மேம்பாட்டு வாரியம் ஏற்பட்டது. 'ரைன் பசேரா' என்ற பெயர்ப்பலகையை நிஜாமுதீன் பக்கமோ பழைய தில்லிப் பக்கமோ நாம் பார்த்திருப்போம். பார்த்துவிட்டுப் பேருந்தில் கடந்து போயிருப்போம். உலக அறவி தில்லியிலும் உண்டு. அடுப்பு மட்டும் அங்கே இல்லை.

தில்லித் தமிழ் எழுத்தில் இந்த மக்கள் எங்கே என்று தேடினோம். ஆதவனின் 'காகித மலர்கள்' இந்நகரத்து நடுத்தரத் தமிழரின் உள்ளத்தை அறுத்துக் காட்டியது. இந்திரா பார்த்தசாரதியின் 'தந்திர பூமி' அதிகார மாடங்களின் படிக்கட்டுகளைக் காட்டியது. இருவரும் நமக்கு ஆசான்கள் போன்றவர்கள். அவர்கள் நாவல்களில் நம் அலுவலகமும் நம் போலித்தனமும் நம் பேருந்தும் இருக்கின்றன. நாம் படித்த அளவில், நம் வீடுகளில் பாத்திரம் துலக்கிவிட்டுப் பாராபுல்லா கரைக்குத் திரும்பிய தமிழ்ப் பெண் அவற்றின் நடுவிடத்தில் இல்லை. சென்னைச் சேரியை எழுதிய ஜெயகாந்தனைப் போல ஒருவர் தில்லிக்கு வாய்க்கவில்லை. அவருடைய 'ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்' நாவலில் ஹென்றி வளர்ப்புத் தந்தையின் ஊரைத் தேடி வருகிறான். எதிர்ப்பான் என்று நாம் எதிர்பார்க்கும் உறவினனே அவனை ஏற்றுக்கொள்கிறான். பூட்டிக் கிடந்த வீடு திறக்கிறது. அந்த நாவலின் ஒளி நமக்கு மிகவும் பிடிக்கும். எனினும் ஹென்றியின் கையில் ஓர் உரிமை இருந்தது. உரிமைச் சீட்டு இல்லாதவனுக்குத் திறக்கும் கதவைப் பற்றி எழுதியவர் இளங்கோதான்.

இனி நம் கதை.

நம் இல்லத்தில் எட்டு ஆண்டுகளாகப் பாத்திரம் துலக்கி வந்த ஒரு பெண்மணி மதராசி கேம்பில் இருந்தார். பெயரை எழுதுவது முறையன்று. நம் மனைவியை 'அக்கா' என்பார். நம்மை 'சார்' என்பார். சினம் வந்தால் மட்டும் 'அண்ணே' என்பார். அவர் மகன் ஞாயிறுதோறும் நாம் நடத்தும் தமிழ் வகுப்பில் அமர்வான். 2025 மே மாதத்தில் ஒருநாள் மாலை, ஒரு நெகிழிப் பையில் தாள்களோடு வந்து, 'சார், எங்க பேரு லிஸ்டுல இல்லியாம், ஒரு மனு எழுதித் தாங்க' என்றார்.

மாற்றுக் குடியிருப்புக்கு உரியவர் என்று அப்பட்டியலில் அப்போது இருந்தவை 189 குடும்பங்கள். அவர்களுக்கு நரேலாவில் அடுக்குமாடி வீடு. நகரின் வடகோடியில், சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில். ஏனையோர் தகுதியற்றவர். தில்லியின் 2015ஆம் ஆண்டு மறுகுடியமர்த்தல் கொள்கைப்படி, குடிசைத் தொகுதி 2006 ஜனவரி 1க்கு முன்பும், அந்தக் குறிப்பிட்ட குடிசை 2015 ஜனவரி 1க்கு முன்பும் இருந்திருக்க வேண்டும். வாக்காளர் பட்டியலில் பெயரும், வேறு ஆவணமும் அதனைக் காட்ட வேண்டும். அந்த அம்மையார் திருமணமாகி வந்த நாள் முதல் அங்கேயே இருந்தவர். ஆனால் ஊரில் உள்ள ஓட்டை விட்டுவிடக் கூடாது என்று மாமனார் சொன்னதால், தில்லியில் பெயர் சேர்த்தது பிந்திய ஆண்டில். ஊரை மறக்காமல் இருந்ததே குற்றமாயிற்று.

நாம் மனு எழுதினோம். இதனைச் சொல்ல நாணமாக இருக்கிறது: மிக அழகான ஆங்கிலத்தில் எழுதினோம். மனிதநேயம், அரசியலமைப்பின் 21ஆம் உறுப்பு, பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1985இல் வாழ்வாதாரமும் வாழ்வுரிமையின் பகுதியே என்றது, 2010இல் தில்லி உயர் நீதிமன்றம் இடிப்பதற்கு முன் கணக்கெடுத்து மறுவாழ்வு தர வேண்டும் என்றது, எல்லாவற்றையும் அடுக்கினோம். கபிலரைப் போலச் சான்று கூறினோம் என்று உள்ளூரப் பெருமிதமும் இருந்தது. 1985 தீர்ப்பு வாழ்வுரிமையை ஒப்புக்கொண்ட அதே மூச்சில் நடைபாதையிலிருந்து அகற்றுவதையும் அனுமதித்தது என்பதை வசதியாக மறந்தோம். கோப்பு எழுதியே வயதானவர் நாம். மேசைக்கு மறுபுறம் இருப்பவர் அந்த நான்கு பத்திகளையும் தாண்டி, இணைப்பு எண் ஒன்று, வாக்காளர் பட்டியல் பாகம், வரிசை எண் என்று தேடுவார் என்பது நமக்குத் தெரியாதா? நம் மேசைக்கு வரும் மனுக்களை நாமும் அப்படித்தானே படிக்கிறோம்?

பயன்பட்டது வேறு. இலவசச் சட்ட உதவிக்கு 1516 என்ற எண் தில்லியில் உண்டு; 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, பெண்கள் வருமான வரம்பு பாராமல் வழக்கறிஞர் உதவி பெறலாம். இது நமக்குத் தெரியவில்லை. அந்த அம்மையாருக்குத் தெரிந்திருந்தது. பட்டியலில் விடுபட்டவர் மேல்முறையீடு செய்யலாம் என்பதும், மனுவைவிட இணைப்புத் தாள்களின் வரிசையே முக்கியம் என்பதும் அங்கேதான் அவருக்குச் சொல்லப்பட்டன. தடுப்பூசி அட்டை, மகனின் பள்ளிச் சான்று, எரிவாயு ரசீது, வங்கிப் புத்தகத்தின் முதற்பக்கம் ஆகியவற்றை ஆண்டு வாரியாக அடுக்கும் வேலையை நாம் செய்தோம். அந்த ஒன்றைத்தான் நன்றாகச் செய்தோம். இருபது ஆண்டுக் கோப்பு வாழ்க்கை ஒருவருக்கேனும் உதவிற்று என்றால் அது அந்த இரண்டு மாலைகளில்தான். தமிழ்நாட்டு அரசும் உதவித்தொகையும் பொருள்களும் அறிவித்தது; ஊர் திரும்ப விரும்புவோர்க்கு வழி செய்வதாகவும் கூறியது. அம்மையார் அதனைக் கேட்டுவிட்டு, 'ஊருக்குப் போய் யாரு வீட்டுல பாத்திரம் தேய்க்கிறது சார்?' என்றார்.

இடிப்புக்கு நான்கு நாள் முன்னர், ஓர் இரும்புப் பெட்டியையும் மகனையும் மட்டும் ஒரு மாதம் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். பையன் தேர்வும் பள்ளியும் கெடாமல் இருக்க. நாம் வாழ்வது அரசுக் குடியிருப்பு. உள்வாடகைக்கு விட்டார் என்ற ஐயம் எழுந்தால் விசாரணை வரும்; ஒதுக்கீடு ரத்தாகும். அவ்வாறு ஒருவருக்கு நேர்ந்ததை நாம் கண்டதும் உண்டு. ஓய்வு பெற்றால் சில மாதங்களில் நாமும் இந்தக் கதவைப் பூட்டிச் சாவியை ஒப்படைக்க வேண்டியவர்தாம். 2016க்குப் பின் சரோஜினி நகரிலும் நௌரோஜி நகரிலும் நேதாஜி நகரிலும் பழைய குடியிருப்புகள் புதுக்கட்டடங்களுக்காக இடிபட்டபோது, உடன் பணியாற்றியோர் எத்தனை பேர் தட்டுமுட்டுச் சாமான்களோடு இடம் மாறினர்! நமக்கே அடைக்கலம் தற்காலிகம். இதையெல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் எண்ணினோம். எண்ணி, 'பார்த்துச் சொல்கிறேன் அம்மா' என்றோம்.

அதற்குள் நம் மனைவி பெட்டியின் ஒரு காதைப் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தார்.

பெட்டி வந்தது; பையன் வரவில்லை. 'சார் யோசிக்கிறாங்க' என்று அம்மையார் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். போகலில் ஒற்றை அறையில் வாழும் ஒரு தையற்காரர் குடும்பம், கேம்பிலிருந்து ஆறாண்டுகளுக்கு முன்னே வாடகைக்கு வெளியேறியவர்கள், நால்வரோடு அவர்கள் மூவரையும் சேர்த்துக்கொண்டது. எவ்வளவு நாளைக்கு என்று யாரும் கேட்கவில்லையாம். அறையின் ஒரு புறத்தில் சேலை கட்டித் திரையிட்டு, அந்தத் திரைக்கு அப்பால் ஒரு தனி அடுப்பு வைத்துக்கொடுத்தார்களாம். அந்த அடுப்பைப் பற்றிக் கேட்டபோதுதான் கொலைக்களக் காதையின் புதுக்கலங்கள் நமக்கு நினைவுக்கு வந்தன. அதுவரை சாவக நோன்பு பற்றிய அடிக்குறிப்பாகவே அப்பகுதியைக் கற்பித்து வந்தோம்.

கேம்பிலிருந்து பல பிள்ளைகள் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் லோதி சாலைப் பள்ளியில் படித்து வந்தனர். நரேலா சென்ற குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அங்கே தமிழ் வகுப்பு இல்லை. பட்டியலில் இடம் பெற்றவருக்கு வீடு கிடைத்துத் தமிழ் போயிற்று. இடம் பெறாதவருக்கு வீடு போய்த் தமிழ் நின்றது. 1975–77 நெருக்கடி நிலைக் காலத்தில் சுமார் 7 லட்சம் பேர் திரிலோக்புரி, மங்கோல்புரி போன்ற மறுகுடியேற்றப் பகுதிகளுக்கு அனுப்பப்பட்டபோதும் பள்ளி இங்கே, வீடு அங்கே என்ற இதே அவலம் நேர்ந்திருக்க வேண்டும். அந்நாளைய தமிழர் கதையையும் யாரும் எழுதி நாம் படித்ததில்லை.

சென்ற ஞாயிறு வகுப்பில் அடைக்கலக் காதை. பையன் போகலிலிருந்து பேருந்தில் வந்திருந்தான். மாதரி கண்ணகியை அழைத்துச் செல்லும் மாலை நேரத்தை விளக்கிக்கொண்டிருந்தோம். கறவைகள் கன்றை நினைந்து திரும்பும் வேளை. கவுந்தி ஒப்படைத்ததும் மாதரி என்ன விடை சொன்னாள் என்று ஒரு சிறுமி கேட்டாள். நூலைப் புரட்டினோம். விடை ஒன்றும் இல்லை. தொழுது, கண்ணகியைக் கூட்டிக்கொண்டு நடந்துவிடுகிறாள். 'யோசிக்கவே இல்லியா சார்?' என்றான் பையன், பின்வரிசையிலிருந்து. அவன் பெட்டி நம் பின்கட்டு மாடத்தில் இன்னும் இருக்கிறது. மேல்முறையீட்டுக்கு அடுத்த தேதி கொடுத்திருக்கிறார்கள்.